தொட்டுச் சொன்ன நோய்

ஜனவரி 6, வெள்ளி

அலுவலகத்துக்கென்று நான் எழுதும் பயண நாட்குறிப்பில் புறப்பட்ட நேரம், போன ஊர், சோதித்த ஆட்களின் எண்ணிக்கை, திரும்பிய நேரம், இவ்வளவுதான் இருக்கும். முப்பத்திரண்டு வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். சொந்த விஷயம் எழுத ஒரு டைரி வேண்டும் என்று இதுவரை தோன்றியதில்லை. மருந்துக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த இதைப் பிரித்து வைத்துக்கொண்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

எழுத வந்தது இதைத்தான். வலது கை சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மூன்று வாரமாக மரத்துக் கிடக்கின்றன.

பைக் ஓட்டுகிற கை. மார்கழிக் குளிர் வேறு. ஒன்றுமிருக்காது.

ஜனவரி 9, திங்கள்

சட்டைப் பொத்தான் போட நெடுநேரம் ஆனது. காஜா சின்னதாக இருக்கிறதா என்று என் மனைவி பூரணம் கேட்டாள். ஆமாம் என்றேன். மூன்று வருஷமாகப் போடும் சட்டை.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தொழுநோய் ஆய்வாளர். ஊர் ஊராகப் போய் ஆட்களின் தோலில் படை இருக்கிறதா என்று பார்ப்பதும், இருந்தால் பஞ்சால் தொட்டு உணர்ச்சி தெரிகிறதா என்று சோதிப்பதும், பிறகு நரம்பைத் தொட்டுப் பார்ப்பதும் வேலை. முழங்கையின் உள்பக்கம் எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு. இந்த நோய் வந்தால் அது கயிறு போலத் தடிக்கும். சுண்டுவிரலும் மோதிர விரலும் முதலில் மரக்கும், பிறகு மடங்கும். இதுவரை எத்தனை ஆயிரம் முழங்கைகளைத் தொட்டிருப்பேன் என்று கணக்கில்லை. என் விரலுக்குத் தப்பிய நரம்பு கிடையாது என்று மாவட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.

இன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் முழங்கையைத் தொட்டுப் பார்த்தேன்.

அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை. நாளைக்குப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 10, செவ்வாய்

தடித்திருக்கிறது.

ஜனவரி 15, ஞாயிறு. பொங்கல்

மகள் செண்பகா பிரசவத்துக்கு முந்தி ஒரு பண்டிகையை எங்களோடு கொண்டாட வேண்டும் என்று மாப்பிள்ளையோடு வந்திருக்கிறாள். ஏழாம் மாதம். பானையை நான்தான் இறக்கினேன். எல்லாரும் பொங்கலோ பொங்கல் என்று கத்தி முடித்துச் சாப்பிட உட்கார்ந்த பிறகு பூரணம் என் கையைப் பார்த்து, "என்னங்க இது, கொப்புளம்" என்றாள். சுண்டுவிரலின் ஓரம் முழுக்க, அரை நெல்லிக்காய் அளவுக்கு வெந்து உப்பியிருந்தது. பானையின் விளிம்பு பட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரியவே இல்லை.

எரியலையா என்று கேட்டாள். எரிகிறது என்றேன், முகத்தைச் சுளித்தும் காட்டினேன். சூடு தெரியாமல் சுட்டுக்கொண்டு வந்து நிற்பவர்களை முதல் பார்வையிலேயே பிடிப்பவன் நான். இன்று என் வீட்டு முற்றத்திலேயே அப்படி ஒருவன் நின்றான்.

ஜனவரி 18, புதன்

செய்த சோதனைகள்: பேனா முனையால் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தது. சுண்டுவிரலில் பத்துக்கு ஏழு முறை தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகை ஒன்றை இரண்டு விரல்களுக்கு நடுவே இடுக்கிப் பிடித்து மறு கையால் இழுத்தது. வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கண்ணாடி முன் நின்று உடம்பில் படை தேடியது. முன்பக்கம் ஒன்றுமில்லை. முதுகு தெரியவில்லை.

"முதுகை நீங்களே பார்க்க முடியாது, வீட்டு ஆட்களைப் பார்க்கச் சொல்லுங்கள்" என்று எல்லா ஊரிலும் சொல்வேன். பூரணத்தைக் கூப்பிட வாய் வரை வந்தது. கூப்பிடவில்லை.

ஜனவரி 24, செவ்வாய்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பத்துப் பேருக்கு இன்று பயிற்சி. வழக்கம்போல ஆவுடையாபேரியிலிருந்து பேராச்சியை வரவழைத்திருந்தேன்.

பேராச்சி என் கேஸ். இருபத்திநாலு வருஷத்துக்கு முன் அந்த ஊர் ரேஷன் கடை முன்னால் முகாம் போட்டிருந்தோம். பீடி சுற்றுகிற பெண், வயது இருபத்தொன்று. வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் மடங்கத் தொடங்கியிருந்தன. உடம்பில் ஒரு படை கிடையாது. அன்றைக்கு வந்த டாக்டர் தயங்கினார். நான் அவள் முழங்கையில் விரலை வைத்தேன், அந்தக் கணமே சொல்லிவிட்டேன். சத்தமாகத்தான் சொன்னேன், இளவயசு, பெருமை. படையே இல்லாமல் நரம்பை மட்டும் தாக்கும் வகை அபூர்வம். டாக்டரும் பிறகு ஒத்துக்கொண்டு எழுதினார். அதற்கு மாவட்டத்தில் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள், ஹாலில் மாட்டியிருக்கிறது. நோய் கண்ட வீட்டைச் சுற்றி உள்ளவர்களையும் சோதிக்க வேண்டும் என்பது விதி. அவள் தெருவில் முப்பத்தொரு வீட்டுக்கும் நானே போனேன். அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோனது. அதே தெருவில் இருந்த மாமன் மகன் பரமசிவம்தான் மாப்பிள்ளை. ஊருக்குப் புத்தி இல்லாவிட்டால் அதற்கு நான் என்ன செய்ய.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாள். விரல் மடங்கியது மடங்கியதுதான். வருஷத்துக்கு ஒரு முறை பயிற்சிக்கு வந்து கையை நீட்டிக்கொண்டு உட்காருவாள். பத்துப் பேர் வரிசையாக வந்து தொட்டுப் பார்ப்பார்கள். இன்றும் அப்படித்தான். ஒரு பையன் பயந்துகொண்டே தொட்டான். "தம்பி, பயப்படாம அமுக்குங்க, வலிக்காது" என்று அவளே சொன்னாள். பிறகு எல்லார் முன்னாலும், "சார்வாள் அன்னைக்குத் தொட்டுச் சொல்லலைன்னா நான் இன்னைக்கு இருக்கமாட்டேன்" என்றாள். வருஷா வருஷம் சொல்வதுதான்.

கடைசியாக நானும் தொட்டேன். இடது கையால். அதே தடிப்பு, அதே இடம், அதே வழவழப்பு. என் முழங்கையில் இருப்பது அப்படியே அவளிடமும் இருந்தது.

இனிமேல் சந்தேகமில்லை.

ஜனவரி 30, திங்கள்

தொழுநோய் ஒழிப்பு நாள். பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி. நான் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல முந்நூறு பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். நோயாளிகளை ஒதுக்க மாட்டேன், அவர்களோடு சேர்ந்து உண்பேன், இருப்பேன் என்று. நீட்டிய வலது கையில் சுண்டுவிரல் மட்டும் தனியாக விலகித் தொங்கியது. யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தலைமையாசிரியை பார்த்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 1, புதன்

செண்பகாவுக்கு வளைகாப்பு, நல்லபடியாக நடந்தது. முடிந்ததும் என் காலில் விழுந்து திருநீறு பூசச் சொன்னாள். தட்டில் கையை வைத்தவன் எடுத்துவிட்டேன். கொப்புளம் இன்னும் ஆறவில்லை, திருநீறு பட்டால் எரியும் என்று ஒரு பொய் சொன்னேன். பூரணம்தான் பூசினாள். இனிக் குழந்தை பிறந்து மூன்று மாதம் வரை செண்பகா இங்கேதான் இருப்பாள்.

பிப்ரவரி 3, வெள்ளி

எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அடியில் ஆணியால் ஒரு கோடு. டம்ளரால் பரவாது. தொட்டால் பரவாது. மருந்து ஒரு வேளை விழுங்கினாலே யாருக்கும் பரவாது. எல்லாம் தெரியும். நோயாளிகள் வீட்டில் அவர்கள் டம்ளரிலேயே காப்பி வாங்கிக் குடித்து ஊருக்குக் காட்டியவன் நான். இருந்தும் கோடு போட்டேன்.

அப்பாவுக்கு மட்டும் என்ன தனி டம்ளர் என்று செண்பகா கேட்டாள். பெரிசு, காப்பி நிறைய பிடிக்கும் என்றேன். பூரணம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 4, சனி

செய்யக்கூடாததைச் செய்தேன். மருந்து அலமாரியிலிருந்து ஒரு அட்டை மாத்திரையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். முறைப்படி டாக்டரிடம் காட்டி, பதிவேட்டில் பெயர் ஏற்றி வாங்க வேண்டும். அந்தப் பதிவேட்டை எழுதுவதே நான்தான். 'ஆவுடையப்பன், வயது 59, ஆண்' என்று என் கையெழுத்தில் எழுதிப் பார்க்க மனம் வரவில்லை. பேர் ஏறினால் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். எவ்வளவு லேசாகச் சொல்லியிருக்கிறேன்.

முதல் வேளை மருந்தை நோயாளி எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு விழுங்கினேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

சிறுநீர் சிவப்பாகப் போகிறது. மருந்து அப்படித்தான் செய்யும், பயப்பட வேண்டாம்.

பிப்ரவரி 12, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தேன். செண்பகா உள்ளே படுத்திருந்தாள். பூரணம் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணுக்குப் பஞ்சு.

"முதுகுல ஒண்ணும் இல்ல" என்றாள்.

எதைச் சொல்கிறாய் என்றேன்.

"போன ஞாயித்துக்கெழமையும் பாத்தேன், இன்னைக்கும் பாத்தேன். நீங்க தூங்கும்போது பஞ்ச வச்சுத் தொட்டா, தொட்ட எடமெல்லாம் தோல் சிலுக்குது. படையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஊருக்கெல்லாம் சொல்லுதீயளே, வீட்டு ஆளுகளப் பாக்கச் சொல்லுங்கன்னு. நான் வீட்டு ஆளு இல்லையா?"

எப்போது தெரியும் என்று கேட்டேன். பொங்கலன்றே தெரியும் என்றாள். முப்பது வருஷமாக இந்த வாய் சொன்னதையெல்லாம் அவள் காது கேட்டுக்கொண்டுதானே இருந்தது. மாத்திரை அட்டையையும் என் பைக் பெட்டியில் பார்த்துவிட்டாள். டம்ளரின் கோட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்தாளாம், போகவில்லையாம்.

அழுதேன். எழுதுவதற்கு என்ன வெட்கம். அவள் என் வலது கையை எடுத்து, சரியாக அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடித்திருப்பது எனக்குத் தெரியவில்லை, கண்ணால்தான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமைக்குள் டாக்டரிடம் சொல்லாவிட்டால் அவளே பஸ் ஏறி வந்து சொல்லிவிடுவாளாம். செய்யக்கூடியவள்தான்.

பிப்ரவரி 14, செவ்வாய்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கிரேஸுக்கு வயது முப்பது இருக்கும். என் மகள் வயது. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், திருடிய அட்டையையும் மேஜையில் வைத்தேன். திட்டவில்லை. இருப்பில் ஒன்று குறைவதைப் பார்த்ததாகவும், நானே வந்து சொல்வேன் என்று காத்திருந்ததாகவும் சொன்னார். பிறகு என் முழங்கையை வெகுநேரம் தொட்டுப் பார்த்தார். "சார், இது நரம்பு மாதிரி எனக்குத் தோணலையே" என்றார்.

கோபம் வந்தது. டாக்டர், நான் எத்தனை நரம்பு தொட்டிருப்பேன் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். அதனால்தான் சொல்கிறேன் என்றார். மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு நரம்புச் சோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார்.

சின்னப் பெண். அனுபவம் போதாது.

பிப்ரவரி 23, வியாழன்

நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், பிறகு ஸ்கேன். தோலில் மாதிரி எடுத்துப் பார்த்ததிலும் கிருமி இல்லை. கிருமி இல்லாமலும் நோய் இருக்கும், அது எனக்குத் தெரியும்.

மார்ச் 2, வியாழன்

கை நரம்பு ஆபரேஷன் செய்யும் டாக்டர் சாகுலைப் பார்த்தோம். பூரணமும் வந்தாள். அவர் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டிவிட்டு, எனக்குத் தொழுநோய் இல்லை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். பூரணம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு சொன்னது இது. முழங்கையின் வெளிப்பக்கத்தில் எல்லாருக்கும் ஒரு சின்ன தசை உண்டு. முக்கோணமாக, கட்டைவிரல் நீளத்துக்கு. அன்கோனியஸ் என்று பெயர். கையை நீட்டும்போது பெரிய தசைக்குக் கொஞ்சம் ஒத்தாசை, மூட்டு ஆடாமல் பிடித்துக்கொள்வதில் கொஞ்சம் பங்கு. முழங்கையில் நீர் கோத்தால் ஊசி போட்டு எடுப்பதற்கு அந்த இடம்தான் அடையாளம். மற்றபடி பரீட்சை முடிந்ததும் டாக்டர்களே அதை மறந்துவிடுவார்களாம்.

"அதுக்கு ஒரு உடன்பிறப்பு உண்டு" என்றார். "சில பேருக்கு மட்டும் உள்பக்கம் இருக்கும். மிருகங்களுக்கு நெறைய உண்டு, நமக்குத் தேவையில்ல. பத்துப் பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு இருக்கலாம், முக்கால்வாசிப் பேருக்கு அதனால ஒரு தொந்தரவும் வராது. உங்களுக்கு அது நல்லாத் தடிச்சுப்போய், நரம்பு மேல வார் மாதிரி குறுக்க கெடக்கு. நரம்பு நசுங்குது, நசுங்குற எடத்துக்கு மேல வீங்கியிருக்கு. நீங்க தொட்டுப் பாத்தது பாதி வீங்கின நரம்பு, பாதி தசை."

தசையைத் திறந்து எடுத்துவிட்டால் நரம்புக்கு இடம் கிடைக்கும், சீக்கிரம் வந்ததால் விரல் திரும்ப வாய்ப்பு அதிகம் என்றார். ஆபரேஷன் ஒன்பதாம் தேதி.

கிளம்பும்போது பொதுவாக ஒரு சந்தேகம் கேட்டேன். ஸ்கேன் இல்லாத காலத்தில் தொட்டு மட்டும் பார்த்தால் இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? அவர் என் உள்ளங்கையை மேஜையில் வைத்து அழுத்தச் சொன்னார், என் மறு கை விரலை முழங்கையில் வைத்தார். அழுத்த அழுத்த அந்தத் தடிப்பு என் விரலுக்கடியில் கெட்டியானது. "தசைதான் இறுகும். நரம்பு இறுகாது" என்றார்.

இருபது வருஷம் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். விரல் மடங்கி அப்படியே நின்றுவிடும் என்றார்.

பூரணம் வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். இருக்கிறேன்.

மார்ச் 3, வெள்ளி

ஹாலில் இருந்த சான்றிதழைக் கழற்றினேன். வெள்ளையடிக்க வேண்டும் என்று பூரணத்திடம் சொன்னேன்.

மார்ச் 6, திங்கள்

பழைய பதிவேடுகள் ஸ்டோர் ரூமில் கிடக்கின்றன. எலி கடித்தது போக 1999 கிடைத்தது. பேராச்சி, வயது 21, பெண். படை: இல்லை. தோல் மாதிரிச் சோதனை: கிருமி இல்லை. மறு சோதனை: இல்லை. மூன்றாம் முறை: இல்லை. மூன்றையும் என் கையால்தான் எழுதியிருக்கிறேன். நரம்பு: தடித்திருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

அந்த வகை நோயில் கிருமி தெரியாது. அது தவறில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் முடிவு செய்திருப்பார்கள். டாக்டர் கையெழுத்தும் இருக்கிறது.

மார்ச் 10, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்தது. வலி உண்டு.

மார்ச் 11, சனி

எடுத்ததைப் பாட்டிலில் காட்டினார்கள். சுண்டுவிரலில் பாதி இருக்கும். இவ்வளவுதானா.

மார்ச் 14, செவ்வாய்

பேராச்சி.

மார்ச் 21, செவ்வாய்

தையல் பிரித்தாயிற்று. சுண்டுவிரல் நுனியில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. நல்ல அறிகுறி என்றார் டாக்டர் சாகுல்.

நான் எடுத்த மாத்திரை அட்டைக்கு டாக்டர் கிரேஸ் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். எழுதிக் கொடுத்தேன். என்ன தண்டனை வந்தாலும் வரட்டும். அதைப் பற்றிக் கவலையே வரவில்லை என்பது ஆச்சரியமாக இருக்கிறது.

மார்ச் 26, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குப் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ. தாயும் பிள்ளையும் நலம். வலது கையால் செண்பகா நெற்றியில் திருநீறு பூசினேன். குழந்தையின் கையில் என் சுண்டுவிரலைக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டது. பிடிப்பது லேசாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பூரணம் ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "அந்தப் பேராச்சிக்கும் இதுதானா?" என்றாள். நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சான்றிதழைக் கழற்றியபோதே நினைத்தாளாம்.

தெரியாது, இருக்கலாம் என்றேன். அது நான் மட்டும் எடுத்த முடிவில்லை, டாக்டரும் கையெழுத்துப் போட்டார், இருபத்திநாலு வருஷம் ஆகிவிட்டது, இப்போது சொல்லி அவள் விரல் நிமிரப் போகிறதா, இருக்கிற நிம்மதியும் போய்விடும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒங்களுக்கு இல்லைன்னு டாக்டர் சொன்னப்போ ஒங்க மூஞ்சி எப்பிடி ஆச்சுன்னு நான் பாத்தேன்" என்றாள். "அது அவளுக்கு வேண்டாமா?"

ஏப்ரல் 3, திங்கள்

ஆவுடையாபேரிக்குப் போனேன். தம்பி வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்பில் அவள் தனியாக இருக்கிறாள். பீடி சுற்ற முடியாததால் பள்ளிக்கூட வாசலில் அவித்த கடலை விற்கிறாள். இடது கையால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "வாங்க சார்வாள், திரும்பவும் ட்ரெயினிங்கா?" என்று எழுந்தாள். வீட்டுக்குள்ளிருந்து தம்பி மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குச் செம்பில். பேராச்சியின் டம்ளர் வாசல் மாடத்தில் தனியாக இருந்தது. இத்தனை வருஷமும் அங்கேதான் இருந்திருக்கும். இன்றுதான் பார்த்தேன்.

ஆட்டுரலின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தச் சொன்னேன். மடங்கிய விரல்கள் இடிக்க, கையின் அடியை ஊன்றி அழுத்தினாள். நான் அவள் முழங்கையில் விரலை வைத்தேன்.

கெட்டியானது.

விடச் சொன்னேன், தளர்ந்தது. மறுபடி அழுத்தச் சொன்னேன், மறுபடி கெட்டியானது. மூன்று முறை.

ஒன்றும் சொல்லவில்லை. ஒரு முறை தொட்டுச் சொன்னது போதும். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்கேன் பார்க்க வேண்டும், அடுத்த திங்கட்கிழமை வர முடியுமா என்றேன். எதற்கு என்றுகூட அவள் கேட்கவில்லை.

"நீங்க சொன்னாச் சரிதான், சார்வாள்."



ஏப்ரல் 10, திங்கள்

இருக்கிறது. அதே தசை, அதே இடம். டாக்டர் சாகுல் பொறுமையாக அவளுக்குச் சொன்னார். அன்றும் இன்றும் உடம்பில் தொழுநோய்க்கான அறிகுறி எதுவும் கிடையாது என்றும், அந்த நாளிலேயே ஆபரேஷன் செய்திருந்தால் விரல்கள் மடங்கியிருக்காது என்றும், இனி ஆபரேஷன் செய்தால் குடைச்சல் குறையும், விரல் நிமிராது என்றும் சொன்னார். பழைய பதிவேட்டையும் காட்டினேன். தப்பு என்னுடையது என்று அவர் முன்னால் சொன்னேன்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்போ அந்த மாத்திர?" வேண்டாத மாத்திரை என்றார் டாக்டர். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மூன்று நிறுத்தம் வரை வார்த்தைகளைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். அதற்குள் அவளே திரும்பினாள்.

"அன்னைக்கு எங்க தெருவுல எத்தன வீட்டுக்குப் போனீய, சார்?"

முப்பத்தொன்று என்றேன்.

"எல்லா வீட்லயும் என்ன சொன்னீய?"

இந்தத் தெருவில் பேராச்சி என்ற பெண்ணுக்குத் தொழுநோய் இருக்கிறது, பயப்பட வேண்டாம், உங்களையும் சோதிக்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன்.

"வியாழக்கெழம வாங்க. அத்தன வீட்டுக்கும் திரும்பப் போவோம். ஒரு வீடு விடாம."

சார்வாள் என்று சொல்லவில்லை. மன்னிப்பை நான் கேட்கவும் இல்லை, அவள் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

ஏப்ரல் 13, வியாழன்

பயண நாட்குறிப்பில் எழுதியது: ஆவுடையாபேரி, நடுத்தெரு, 31 வீடுகள்.

காலை எட்டு மணிக்கே போய்விட்டேன். எல்லாரும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். நீலச் சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, வாசலில் நின்றாள். முதல் வீடு அவள் தம்பி வீடு. தம்பி மனைவியிடம் சொன்னேன். அவள் மாடத்து டம்ளரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். பேராச்சி போய் அந்த டம்ளரை எடுத்து, அடுப்படிக்குள் கொண்டுபோய் மற்ற டம்ளர்களோடு கவிழ்த்துவிட்டு வந்தாள்.

அவள் முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாசகம். "நான் தொழுநோய் ஆய்வாளர் ஆவுடையப்பன். 1999இல் இந்தத் தெருவுக்கு வந்து, பேராச்சிக்குத் தொழுநோய் என்று சொன்னேன். நான் சொன்னது தப்பு. அவளுக்கு அந்த நோய் எப்போதும் இருந்ததில்லை." சிலர் உட்காரச் சொன்னார்கள். சிலருக்கு அந்தக் கதையே தெரியவில்லை, புதிதாக வாழ வந்தவர்கள். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர், இதையெல்லாம் இப்போது சொல்லி என்ன சார் ஆகப் போகிறது என்று கேட்டார். ஆகுதோ ஆகலையோ, கேட்டுக்கோங்க என்றாள் பேராச்சி.

வெயில் ஏறிவிட்டது. பத்து வீடு தாண்டியதும் எனக்கு வாசகம் மனப்பாடம் ஆகிவிட்டது. அதுதான் ஆபத்து என்று தோன்றியது. அந்த நாளிலும் இப்படித்தான் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு போயிருப்பேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

இருபத்தேழாவது வீடு பரமசிவம் வீடு. அதைத் தாண்டிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் நின்றாள். அவரே வாசலுக்கு வந்தார், தலை நரைத்து, கையில் காப்பி டம்ளரோடு. பின்னால் அவர் மனைவி, கல்லூரிக்குக் கிளம்பி நின்ற ஒரு மகள். பேராச்சியைப் பார்த்ததும் அவர் கையில் இருந்த டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

நான் தொழுநோய் ஆய்வாளர் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"இங்க மட்டும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, சார்" என்றாள் பேராச்சி.

சொன்னேன். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். சொல்லி முடித்துத் திரும்பியபோது அவள் அங்கே இல்லை. அடுத்த வீட்டு வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.